ஒன்பதாவது கர்ச்சீப்

பங்காரப்பேட்டை தாண்டி ரயில் வேகம் எடுத்ததும் காஞ்சனா எழுந்து நின்றாள். மாதக் கடைசி சனிக்கிழமையோடு வேலையை விடுகிறேன், ஆம்பூரில் மகனோடு போய் இருக்கப் போகிறேன் என்றாள். கையில் பாதி தின்ற பூரி இருந்தது. சொல்லிவிட்டு உட்கார்ந்து மிச்சப் பூரியைத் தின்றாள்.

நாங்கள் ஒன்பது பெண்கள். தினமும் காலையில் கே.ஜி.எஃப்பிலிருந்து பெங்களூருக்கு ஒரே ரயில், ஒரே பெட்டி, ஒரே மூன்று பெஞ்சு. ஒருத்தி போகிறாள் என்றதும் மற்ற எல்லோருக்கும் அவள் பக்கத்தில் உட்கார ஆசை வந்துவிட்டது. இரண்டே வாரம்தான் பாக்கி. ஒருத்தி திங்கட்கிழமை எனக்கு என்றாள். இன்னொருத்தி ஜன்னல் ஓரம் காஞ்சனாவுக்கு, பக்கத்து இடம் எனக்கு என்றாள். கடைசியில், எங்களில் சின்னவளான புஷ்பா தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னாத்துக்கு சண்ட? வசந்தாக்கா கணக்கு போட்டுக் குடுக்கட்டும். எல்லாரும் எல்லார்கூடயும் ஒக்காரணும். ஒருத்தர் ரெண்டு தபா வரக்கூடாது, ஒருத்தர் விட்டுப் போகவும் கூடாது."

வசந்தாக்கா நான்தான். ஒன்பது பேரில் காஞ்சனாவோடு ஒன்பது மாதமாகப் பேசாமல் இருந்தவளும் நான்தான். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது?

என்னிடம் ஏன் கேட்டார்கள்

போன வாரம் இந்தத் தொடரில் பிறந்தநாள் பந்தயத்தைப் பற்றி எழுதியிருந்தேன். எங்கள் பெட்டியில் இருபத்துமூன்று பேரைக் கேட்டால், அதில் இரண்டு பேருக்கு ஒரே தேதியில் பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று நான் சொல்ல, காஞ்சனா இட்லி பந்தயம் கட்டித் தோற்ற கதை, எங்கள் பேச்சு நிற்பதற்கு முன்னால் நடந்தது. ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கும்போது இருபத்துமூன்று பேருக்குள் எப்படி அம்மா பொருந்தும், காதில் பூ சுற்றாதீர்கள் என்று.

ஐயா, ஆட்களை எண்ணாதீர்கள், ஜோடிகளை எண்ணுங்கள். இருபத்துமூன்று பேரில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் தேதியை ஒப்பிட்டால் இருநூற்று ஐம்பத்துமூன்று ஜோடி வரும். அத்தனை ஜோடியில் ஒன்றாவது பொருந்தாதா? ஆள் கொஞ்சமாகத்தான் தெரியும். ஜோடி குட்டி போட்டுக்கொண்டே போகும்.

நான் வாத்தியாரம்மா இல்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் எடுக்காத கணக்குப் புதிர் புத்தகங்களை எடுத்துப் புரட்டுவேன். அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் இட்லி பந்தயத்துக்கு அப்புறம் அந்தப் பெட்டியில் எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது. எனக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

கர்ச்சீப் சட்டம்

ரயில் மாரிக்குப்பத்தில்தான் புறப்படுகிறது. நான் பக்கத்திலேயே இருக்கிற ஆண்டர்சன்பேட்டைக்காரி, அதனால் காலிப் பெட்டியில் முதலில் ஏறுவது நான். மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கொரு கர்ச்சீப்பை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஏறியதும் என்னுடையதையும் சேர்த்து மூன்று பெஞ்சிலும் வரிசையாகப் போடுவேன். பின்னால் ஊர்காமிலும் கோரமண்டலிலும் ஏறுகிறவர்கள் தங்கள் துணியைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள்.

எங்கள் ஊரில் குழாயடியில் குடத்துக்குக் குடம் சண்டை போடுவார்கள். ஆனால் கர்ச்சீப் கிடக்கிற இடத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். ரயில் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

காஞ்சனாவின் கர்ச்சீப் பச்சைக் கட்டம் போட்டது. ரெடிமேட் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. அங்கே மிஞ்சிய துண்டுத் துணியில் அவளே ஓரம் மடித்து, சிவப்பு நூலில் சங்கிலித் தையல் போட்டு வைத்திருந்தாள். மற்றதெல்லாம் கடையில் வாங்கியது.

எண்ணாமல் எண்ணுவது

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸில், ஆட்கள் கீழே இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் டோக்கன் போர்டைப் பார்த்துக்கொண்டவர். கீழே இறங்குகிற ஒவ்வொரு ஆளும் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறுவார். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் இன்னும் கீழே.

எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கேட்டால் அப்பாவுக்குத் தெரியாது. யார் இன்னும் வரவில்லை என்று கேட்டால் உடனே சொல்வார். எண்ணினால் தப்பும், ஆணியைப் பார்த்தால் தப்பாது என்பது அவர் கட்சி.

யோசித்துப் பாருங்கள், இது பெரிய விஷயம். பந்தியில் இலையும் ஆளும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எண்ணிக்கை தேவையில்லை. இலைக்கு ஒருவர் உட்கார்ந்து, இலையும் மிஞ்சாமல் ஆளும் மிஞ்சாமல் இருந்தால் இரண்டும் சமம். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனுஷன் சொல்லிப் பழகுவதற்கு முன்னாலேயே இந்தக் கணக்கு இருந்திருக்கும். ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது. ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தால்தான் அது முடியும்.

அப்பா சொன்னதை நான் கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்பட்டிருக்காது.

அந்தத் திங்கட்கிழமை

காஞ்சனா வேலையை விடுவதாகச் சொன்னதற்கு ஏறக்குறைய பத்து மாதம் முன்னால் அவள் வீட்டுக்காரர் தவறிவிட்டார். நாங்கள் எல்லோரும் போய் வந்தோம். நான் காரியத்துக்கும் போனேன். பதினெட்டு நாள் அவள் ரயிலுக்கு வரவில்லை. அந்தப் பதினெட்டு நாளும் நான் எட்டு கர்ச்சீப் போட்டேன்.

காரியம் முடிந்து ஒரு திங்கட்கிழமை அவள் வருவதாகச் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியும், முந்தின நாள் போனில் பேசியவளே நான்தான். காலையில் பெட்டியில் ஏறினேன், ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே போட்டேன், எட்டு வந்ததும் கை நின்றுவிட்டது. எட்டு சரியாக இருக்கிறது என்று மனசு சொன்னது. ஒன்பதாவது இடத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நானே தள்ளி உட்கார்ந்து இடம் விட்டேன். அதில் ஒரு பெருமை வேறு.

ஊர்காமில் காஞ்சனா ஏறினாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தாள், பச்சைக் கட்டம் எங்கும் இல்லை. என்னைப் பார்த்தாள்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாயில் வந்தது வேறு. "போட்டேன்டி. எவளோ எடுத்துக் கீழ போட்டுட்டு ஒக்காந்துக்கினா."

புஷ்பா எழுந்து இடம் கொடுத்தாள். காஞ்சனா பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். மாலூர் வரும்போது நான் டிபன் பாக்ஸை எடுக்கப் பையைத் திறந்தேன். மேலேயே கிடந்தது பச்சைக் கட்டம், மடிப்புக் கலையாமல். நிமிர்ந்தால் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெங்களூர் வரை நின்றுகொண்டே வந்தாள்.

அன்றோடு பேச்சு நின்றது. மறுநாளிலிருந்து முதல் கர்ச்சீப்பாக அவளுடையதைப் போட்டேன். அவளும் அதில் உட்கார்ந்தாள். ஆனால் நான் இருக்கிற பெஞ்சில் அவள் துணி விழுந்தால் எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள். எனக்கும் வீம்பு. நானாகப் போய்ப் பேசுவதா என்று ஒன்பது மாதத்தை ஓட்டினேன். இப்போது இரண்டு வாரத்தில் ஆளே போகப் போகிறாள், ஆம்பூருக்குப் போய்விட்டால் அப்புறம் யார் வீட்டுக் கல்யாணத்தில் பார்ப்போமோ.

ஒன்பது கட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலை முடித்துவிட்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் முதுகுப் பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தேன். நீங்களும் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது பேர், ஜோடி எத்தனை? முப்பத்தாறு. ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தால் மூன்று ஜோடி. ஆக, பன்னிரண்டு பெஞ்சு வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று பெஞ்சு, நாலு நாளில் பன்னிரண்டு. மிச்சம் இல்லாமல் வகுபடுகிறதே என்று எனக்கு ஒரே குஷி. ஆனால் வகுபடுவது வேறு, ஆட்களை உட்கார வைப்பது வேறு. இஷ்டத்துக்கு எழுதிப் பார்த்தேன். மூன்றாம் நாள் வருவதற்குள் யாராவது இரண்டாம் முறை ஒட்டிக்கொள்வார்கள். ஏழு தாள் வீணானது.

அப்புறம்தான் ஒன்பது எண்ணையும் சதுரமாக எழுதினேன்.

1 2 3
4 5 6
7 8 9

முதல் நாள் குறுக்கு வரிசை: 1-2-3, 4-5-6, 7-8-9. இரண்டாம் நாள் நெட்டு வரிசை: 1-4-7, 2-5-8, 3-6-9. மூன்றாம் நாள் ஒரு பக்கச் சாய்வு: 3-5-7, 1-6-8, 2-4-9. சாய்வாகப் போகும்போது கோடு சதுரத்துக்கு வெளியே போனால் அடுத்த பக்கத்திலிருந்து உள்ளே வந்துவிட வேண்டும். அதுதான் சூட்சுமம். நாலாம் நாள் மறுபக்கச் சாய்வு: 1-5-9, 2-6-7, 3-4-8. ஒவ்வொரு ஜோடியாகச் சரிபாருங்கள். முப்பத்தாறும் வரும், ஒன்றும் இரண்டு முறை வராது. நான் மூன்று முறை சரிபார்த்துவிட்டு அடுப்பங்கரையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தூரத்து மூலை

இப்போது எண்ணுக்குப் பேர் வைக்க வேண்டும். இங்கேதான் என் புத்தி தெரியும். எனக்கு 1, இடது மேல் மூலை. காஞ்சனாவுக்கு 9, வலது கீழ் மூலை. இதைவிடத் தூரம் அந்தச் சதுரத்தில் கிடையாது. குறுக்கு வரிசையில் சேரவில்லை, நெட்டு வரிசையில் சேரவில்லை. அப்பாடா என்று மூன்றாம் நாளையும் பார்த்தேன், சேரவில்லை. நாலாம் நாள் 1-5-9. மூலைக்கு மூலை நேர்க்கோடு.

சரி, அவளை 8 ஆக்குவோம் என்று மாற்றினேன். மூன்றாம் நாள் 1-6-8. 6 ஆக்கினேன், அதே பெஞ்சு. 2 ஆக்கினால் முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. எனக்கு மற்றவர்கள் எட்டுப் பேர். ஒரு நாளைக்கு என்னோடு இரண்டு பேர், நாலு நாளில் எட்டு. இடம் சரியாக எட்டுதான். காஞ்சனாவை விட்டால் அந்த இடத்தில் வேறு ஒருத்தி இரண்டாம் முறை வந்தாக வேண்டும். ஒளிந்துகொள்ள இந்தக் கணக்கில் ஓர் ஓரம்கூட இல்லை.

ஓடினவனுக்கு ஒன்பதாம் இடத்தில் ராஜா என்பார்கள். எனக்கு ஒன்பதாம் இடத்தில் காஞ்சனா.

சதுரத்தை முதலில் போட்டபடியே விட்டுவிட்டு, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ எடுத்து அனுப்பினேன். எல்லோரும் கைதட்டினார்கள். காஞ்சனாவும் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. 5 என்பது புஷ்பா. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரப் போகிறவள் அவள்.

வியாழன், செவ்வாய், சனி

எங்களுக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. அட்டவணை நாலு நாளில் திரும்பும். ஆறும் நாலும் கைகோத்து நடந்தால், நாலாம் நாள் என்பது முதல் வாரம் வியாழன், அடுத்த வாரம் செவ்வாய், அப்புறம் சனி. பன்னிரண்டு நாளில் மூன்று முறை. மூன்றாவது முறை காஞ்சனாவின் கடைசி நாள்.

வியாழக்கிழமை எனக்குத் தலைவலி வந்தது. அடுத்த ரயிலில் வருகிறேன் என்று சொல்லி, கர்ச்சீப்பையெல்லாம் முந்தின நாளே புஷ்பாவிடம் கொடுத்துவிட்டேன். தலைவலி முந்தின நாளே தெரிந்துவிட்டதா அக்கா என்று அவள் கேட்டாள். சின்னவள்தான், ஆனால் வாய் பெரிசு.

செவ்வாய்க்கிழமை நான் ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன். காஞ்சனா ஏறினாள், தன் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள், முட்டிக்கு நீட்டி நிற்பதுதான் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கதவோரம் போனாள். முட்டிவலியால்தான் வேலையையே விடுகிறாள். இரண்டு மணி நேரம் நின்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. கூட்டம் குறைவு. காஞ்சனா ஏறினாள், பெஞ்சைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். நடுவில் புஷ்பா. பங்காரப்பேட்டை வரை புஷ்பாவின் தலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பிறகு புஷ்பா கேசரி டப்பாவைத் திறந்துகொண்டு மற்ற பெஞ்சுகளுக்குக் கொடுக்கப் போனாள். கேசரி கொடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. வேண்டுமென்றேதான் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் நடுவில் அவள் கைப்பை மட்டும் இருந்தது.

நான் கைப்பையைப் பார்த்தே சொன்னேன். "அன்னிக்கி உன் கர்ச்சீப்ப நான் போடவே இல்ல, காஞ்சனா. எட்டு எட்டுன்னு போட்டுப் பழகி, எட்டோட நிறுத்திட்டேன். மறந்துட்டேன். அப்பால பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்," என்றாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மறந்துட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, ரெண்டு திட்டு திட்டிட்டு உன் மடிமேலயே ஒக்காந்திருப்பேன். அவரு போன அந்த மாசமே எங்க சொந்தத்துல ரெண்டு கல்யாணம். ஒருத்தரும் வான்னு கூப்பிடல. நான் எதிர்ல வந்தா நின்னு, நான் தாண்டிப் போனப்புறம் கெளம்புனாங்க. சரி, ஊரு அப்பிடித்தான். ஆனா பையில துணி இருக்குது, நீ போட்டேன்னு சொல்ற. காலங்காத்தால இவ மூஞ்சில முழிக்க வேணாம்னு நீயும் என்னைக் கழிச்சிட்டன்னு நெனச்சேன்."

ஒன்பது மாதம் நான் என்னவோ, என் பொய்தான் அவளுக்குக் கோபம் என்று நினைத்திருந்தேன். இது ஒரு நாளும் என் மனசில் தட்டவில்லை. அழுகை வந்தது, அழுதேன். அப்படி இல்லடி, சத்தியமா அப்படி இல்லடி என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவள் எழுந்து புஷ்பாவின் கைப்பையை மேல் தட்டில் வைத்துவிட்டு நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று, ஞாயிற்றுக்கிழமை தாள்களையும் சொன்னேன். அவளைத் தூரத்து மூலையில் வைத்ததை, 8 ஆக்கியதை, 6 ஆக்கியதை, எப்படிப் போட்டாலும் ஒரே பெஞ்சில் வந்து நின்றதை.

காஞ்சனா சிரித்தாள். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "கணக்குக்கு இருக்குற அறிவு உனக்கு இல்ல பாரு."

எட்டுப் பேர்

பெங்களூரில் இறங்கும்போது அவள் கர்ச்சீப்பை மடித்து அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. நீயே வைத்திரு, நான் என்றைக்காவது வந்தால் இடம் வேண்டுமே என்றாள்.

மறுநாள் எட்டுப் பேருக்கு அட்டவணை போட உட்கார்ந்தேன். வரவே வராது. ஒவ்வொருத்திக்கும் மற்றவர்கள் ஏழு பேர். மூன்று பேர் பெஞ்சில் கூட உட்காருகிறவர்கள் இரண்டிரண்டாகத்தான் வருவார்கள். ஏழு பேரை இரண்டிரண்டாக எப்படி எடுப்பது? ஒன்பதுக்கு மிச்சமில்லாமல் பொருந்திய கணக்கு, ஒருத்தி போனதும் இடிந்துவிட்டது. அதனால் பழைய சதுரத்தில் 9ஐ அடிக்காமல் அப்படியே விட்டேன்.

இப்போதும் மாரிக்குப்பத்தில் ஏறியதும் ஒன்பது போடுகிறேன். எண்ணுவதில்லை. ஒவ்வொரு முகமாக நினைத்துப் போடுகிறேன், அப்பாவின் ஆணி மாதிரி. ஊர்காமில் கூட்டம் ஏறியதும், நிற்கிறவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு, பச்சைக் கட்டத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, உட்காரம்மா என்று இடம் விடுகிறேன்.

கோரமண்டல் வருவதற்குள் ஆம்பூரிலிருந்து போன் வரும். "இன்னிக்கி நான் யார் பக்கத்துல?" என்பாள் காஞ்சனா. அட்டவணையைப் பார்த்துச் சொல்வேன்.